ஜெபக் குறிப்பு என்று சொல்லி ஊர்க்கதை பரப்புகிறோமா?

வாவிக்கரை (இழையைத் தொடங்கியவர்) | வியாழன், இரவு 10.15

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள். இதை ஊரில் யாரிடமும் நேரே கேட்க முடியாமல்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் இருப்பது மட்டக்களப்பில் கல்லடிப் பக்கம் ஒரு ஒழுங்கையில். 17 வீடு. வேதக்கார வீடு ஆறு, மற்றதெல்லாம் சைவம். கொரோனா காலத்தில் கோயில் பூட்டிக் கிடந்தபோது, ஊரடங்கு தளர்ந்த நாட்களில், நாங்கள் நாலு பெண்கள் ஒரு முற்றத்தில் கதிரைகளைத் தள்ளித் தள்ளிப் போட்டு ஜெபிக்கத் தொடங்கினோம். கொரோனா போயும் ஜெபம் நிற்கவில்லை. வியாழக்கிழமை இரவு ஏழு மணி. கிழமைக்கு மூன்று வீடு. ஒழுங்கை வாசலில் தொடங்கி வாவி வரைக்கும் போனால் ஆறு கிழமையில் ஒரு சுற்று முடியும். மறுபடியும் முதல் வீடு. சைவ வீடுகளையும் விடுவதில்லை. இப்போது பன்னிரண்டு பதின்மூன்று பேர் வருகிறோம்.

மாசி மாதம் நடந்தது இது. எங்கள் ஒழுங்கைத் தங்கச்சி ஒருத்தி, கணவன் கட்டாரில், உடுப்புத் தோய்க்கும் கல்லுக்குப் பக்கத்தில் வைத்து என்னிடம் அழுதாள். இரண்டு குழுக்கடன், ஒரு சீட்டு, அதற்கு மேல் தாலிக்கொடியும் அடகில். "ஒருத்தருக்கும் சொல்லாதீங்கக்கா, ஜெபத்தில மட்டும் வைங்க" என்றாள். ஜெபத்தில் வை என்றால் ஜெபிக்கிறவர்களுக்குச் சொல்லத்தானே வேண்டும் என்று நினைத்துவிட்டேன். குழுவை நடத்தும் அக்காவிடம் சொன்னேன். அந்த அக்கா நல்ல மனுசி, பாரத்தோடு ஜெபிக்கிறவர். வியாழன் அன்று கண்ணீரோடு, "ஆண்டவரே, அடகில் கிடக்கிற அந்தத் தாலிக்கொடியை நீர் பாரும்" என்று சத்தமாகவே ஜெபித்தார். வீட்டின் பெயரைச் சொல்லி.

அன்றைக்குத்தான் அந்தப் பிள்ளையின் மாமி முதன்முதலாக ஜெபத்துக்கு வந்திருந்தார். பின்னால் வாங்கில் இருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

மாமி அன்றிரவே மகனுக்குப் போன் எடுத்துவிட்டார். மிச்சத்தை நான் எழுதத் தேவையில்லை. தங்கச்சி இப்போது ஜெபத்துக்கும் வருவதில்லை, கோயிலுக்கும் வருவதில்லை. கடையில் கண்டால் கிறுகி அடுத்த பக்கத்தால் போகிறாள்.

பெயர் சொல்லி ஜெபிப்பதை நிறுத்திவிடலாமா? "எல்லாக் குடும்பங்களையும் ஆசீர்வதியும்" என்று பொதுவாக முடித்துவிட்டால் யாருக்கும் நோகாது. ஆனால் அப்படிச் செய்தால் பிறகு எதற்காகக் கூடுகிறோம் என்றும் இருக்கிறது.

தேத்தண்ணி | வியாழன், இரவு 10.52

அக்கா, மன்னிக்கவும். அது ஜெபம் இல்லை, இரவுச் செய்தி.

ஐப்பசி மழை | வெள்ளி, காலை 5.40

தேத்தண்ணி தம்பி, அவரே நொந்துபோய் எழுதியிருக்கிறார். கொஞ்சம் மெல்ல.

நாங்கள் சொறிக்கல்முனைப் பக்கம், கத்தோலிக்கர். எங்கள் அன்பியத்தில், அதாவது பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர் கூடும் ஜெபக்குழுவில், ஐப்பசி முழுவதும் மாதா சுரூபம் வீடு வீடாகப் போகும். இன்றைக்கு எங்கள் வீடு, நாளைக்கு அடுத்த வீடு. இரவில் எல்லோரும் கூடி ஜெபமாலை சொல்லுவோம். ஐந்து தேவ இரகசியமும் எல்லோருக்கும் ஒன்றுதான், ஐம்பத்து மூன்று அருள்நிறைந்த மரியேயும் ஒன்றுதான். யாருக்கு என்ன பிரச்சினை என்று ஒருத்தர் வாயும் திறக்காது. வீட்டுக்காரர் தங்கள் கருத்தை ஒரு துண்டில் எழுதி மடித்துச் சுரூபத்தின் அடியில் வைப்பார்கள். "இந்த வீட்டின் கருத்துக்காக" என்று மட்டும் சொல்லித் தொடங்குவோம். கடைசி நாள் எல்லாத் துண்டையும் பிரிக்காமலே எரித்துவிடுவோம்.

என் அம்மாவின் துண்டில் என்ன இருந்தது என்று அவர் செத்த பிறகும் எனக்குத் தெரியாது. அந்த வருடம் அண்ணா காணாமல் போயிருந்தார், அதனால் ஊகிக்கலாம். ஆனாலும் ஊர் முழுக்க முழங்காலில் நின்று அதைக் கேட்டது. பெயர் இல்லாமல்.

உங்கள் ஆட்களுக்கு ஜெபமாலை சரிவராது என்று தெரியும். துண்டு சரிவருமே?

தேத்தண்ணி | வெள்ளி, காலை 9.30

சரி, மெல்லச் சொல்கிறேன். நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்றும் சொல்கிறேன்.

எனக்குப் பதினொரு வயது. அப்பா குடி. கசிப்புத்தான். ஊரில் தெரியாத ஆள் இல்லை, அது வேறு. ஒரு சனிக்கிழமை முழு இரவு ஜெபம். எங்கள் வீட்டில் இருந்து மூன்று வளவு தள்ளி. பெட்டி ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். நான் பாயில் படுத்திருக்கிறேன், அம்மா பக்கத்தில், தங்கச்சி மற்றப் பக்கம். ஸ்பீக்கரில் என் அப்பாவின் பெயர் வருகிறது. அடிக்கிறார், காசைக் கொண்டுபோகிறார், பிள்ளைகள் பட்டினி. பட்டினி பொய். அம்மா இடியப்பம் அவித்து விற்று எங்களுக்குச் சோறு போட்டவர். அம்மா எழும்பி யன்னலைச் சாத்தினார். அந்தப் புழுக்கத்தில் யன்னலைச் சாத்திவிட்டுப் படுத்தோம். அப்பாவும் வீட்டில்தான் இருந்தார். அன்றைக்கு அவர் குடித்திருக்கவில்லை.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் ஒருவன் அந்த ஜெபத்தை அப்படியே குரலோடு செய்து காட்டினான்.

அப்பா குடிப்பது கடவுளுக்குத் தெரியாதா? ஸ்பீக்கர் யாருக்கு? நான் இப்போது கோயிலுக்குப் போவதில்லை. இதுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அந்த யன்னல் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

வாவிக்கரை | வெள்ளி, காலை 10.05

தம்பி, வாசித்தேன். பதில் எழுத வரவில்லை.

விழித்திரு | வெள்ளி, பிற்பகல் 1.20

எல்லோரும் ஒரே பக்கம் சாய்வதால் மற்றப் பக்கத்தைச் சொல்கிறேன்.

குறிப்பாக ஜெபித்தால் குறிப்பாகப் பதில் வரும். குருடனிடமே ஆண்டவர், "நான் உனக்கு என்ன செய்ய வேண்டும்" என்று கேட்டார். பார்த்தாலே தெரியாதா? ஆனாலும் கேட்டார். பொதுவாக ஜெபிப்பது எங்களைக் காப்பாற்றுகிற ஜெபம். பதில் வந்தாலும் தெரியாது, வராவிட்டாலும் தெரியாது. யாக்கோபு 5:16இல் ஒருவருக்கொருவர் குற்றங்களை அறிக்கையிட்டு ஒருவருக்காக ஒருவர் ஜெபியுங்கள் என்றுதான் இருக்கிறது. மூடி மறைக்கச் சொல்லவில்லை.

என் சாட்சியையும் சொல்கிறேன். 2004 மார்கழி 26, ஞாயிற்றுக்கிழமை. நாங்கள் நாவலடியில் இருந்தோம். என் வீட்டில் ஐந்து பேரில் மிஞ்சியது நானும் மூத்தவளும். முகாமில் இருந்தபோது புளியந்தீவில் ஒரு சின்ன ஜெபக்கூட்டம் என் பெயரையும் மகளின் பெயரையும் ஒரு வருடம் முழுவதும், ஒவ்வொரு செவ்வாயும், சொல்லி ஜெபித்ததாகப் பிறகு அறிந்தேன். அதில் இரண்டு பேரைத் தவிர மற்றவர்களை எனக்குத் தெரியாது. "சுனாமியில் பாதிக்கப்பட்ட மக்களுக்காக" என்று உலகமே ஜெபித்தது. நல்லதுதான். ஆனால் அந்தக் கூட்டத்துக்குள் நான் இல்லை. என் பெயரை ஒருவர் சொன்னார் என்று கேள்விப்பட்ட அன்றைக்குத்தான் நான் குளித்து, தாடி வழித்து, வேலை தேடிப் போனேன்.

பெயரை எடுக்காதீர்கள். பெயர் இல்லாமல் போனவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

ஐப்பசி மழை | வெள்ளி, பிற்பகல் 2.10

அண்ணா, உங்கள் சாட்சிக்கு முன்னால் நான் எதுவும் சொல்ல ஏலாது. ஆனால் அந்த வசனத்தை இன்னொரு தரம் வாசியுங்கள். அவரவர் தங்கள் குற்றத்தைத்தான் அறிக்கையிட வேண்டும். அடுத்த வீட்டின் தாலிக்கொடியை அறிக்கையிடச் சொல்லி யாக்கோபு எழுதவில்லை.

விழித்திரு | வெள்ளி, பிற்பகல் 2.25

அது சரி. அதை ஒத்துக்கொள்கிறேன்.

நிர்வாகி | வெள்ளி, மாலை 4.00

இழை நன்றாகப் போகிறது. ஒரு வேண்டுகோள்: எந்த ஒழுங்கை, எந்தச் சபை என்று கண்டுபிடிக்க முயல வேண்டாம். அப்படி வந்த ஒரு பின்னூட்டத்தை நீக்கியிருக்கிறேன். இந்த இழையில் அதைச் செய்தவருக்கு இழையின் தலைப்பையாவது வாசிக்கப் பரிந்துரைக்கிறேன்.

கல்லடி வெயில் | வெள்ளி, இரவு 8.45

நான் ஓய்வுபெற்ற மெதடிஸ்த ஊழியன். வயது எழுபதைத் தாண்டிவிட்டது, தட்டச்சு மெல்லத்தான் வரும்.

வாவிக்கரை மகள், நீங்கள் செய்கிற ஒழுங்கை ஜெபம் புதிய விஷயம் இல்லை. எங்கள் சபை வளர்ந்ததே அப்படித்தான். 1742இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் மெதடிஸ்தர் கட்டிய கூடத்துக்குக் கடன். அதை அடைக்க ஒருவர் யோசனை சொன்னார்: ஆளுக்குக் கிழமைக்கு ஒரு பென்னி, பன்னிரண்டு பேருக்கு ஒரு தலைவர், அவர் வீடு வீடாகப் போய் வாங்கி வரட்டும். கொடுக்க வழியில்லாதவரின் பங்கைத் தலைவரே போடட்டும். காசு வாங்கப் போனவர்கள் என்ன கண்டார்கள்? ஒரு வீட்டில் நோய், ஒரு வீட்டில் சண்டை, ஒரு வீட்டில் வேலை இல்லை. மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லிக்கு அப்போதுதான் விளங்கியது, நாங்கள் தேடிக்கொண்டிருந்த மேய்ப்புப் பணி இதுதான் என்று. அப்படிப் பிறந்ததுதான் வகுப்புக் கூட்டம். கடன் வசூலில் பிறந்த ஜெபக்குழு. உங்கள் கதையும் கடனில் தொடங்கியதைப் பார்த்ததும் சிரிப்பும் வந்தது, கவலையும் வந்தது.

மட்டக்களப்புக்கு அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவர்கள் 1814இல் வந்த மிஷனரிமார். இங்கே வந்த வில்லியம் ஓல்ட் ஒரு வருடம்கூட இருக்கவில்லை, 1815இல் இறந்துபோனார். அதற்குள் பள்ளிக்கூடம் தொடங்கிவிட்டார். அதுதான் இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. இது பக்கக் கதை, விடுங்கள்.

நான் சொல்ல வந்தது இது. அந்தத் தலைவர் வீட்டுக்குப் போனார். வீட்டுக்காரரைத் தன்னிடம் அழைத்து, எல்லோருக்கும் முன்னால் வைத்து, கதை கேட்கவில்லை. போனவருக்குத் தெரிந்தது போனவரோடு இருந்தது. எங்கள் காலத்தில் வகுப்புத் தலைவரின் கொப்பியில் பெயரும் வருகையும்தான் இருக்கும். மற்றதெல்லாம் அவருடைய முழங்காலுக்குத்தான் தெரியும்.

மாற்கு இரண்டாம் அதிகாரத்தில் திமிர்வாதக்காரனை நாலு பேர் சுமந்துகொண்டு வருகிறார்களே. கூரையைப் பிரித்து இறக்குகிறார்கள். அந்த நாலு பேரும் ஒரு வார்த்தை பேசியதாக மாற்கு எழுதவில்லை. நோய் எப்போது வந்தது, யார் குற்றம், வீட்டில் யார் சம்பாதிக்கிறார்கள், ஒன்றும் இல்லை. ஆளைக் கொண்டுபோய் முன்னால் வைத்தார்கள். நாற்பது வருடம் பிரசங்கம் பண்ணியும் இது எனக்கு ஓய்வுபெற்ற பிறகுதான் கண்ணில் பட்டது. நானும் ஊழியத்தில் இருந்தபோது மற்றவர் வீட்டுக் கதையை ஜெபம் என்ற பெயரில் பலிபீடத்தில் நின்று சொல்லியிருக்கிறேன். மூன்று குடும்பம் நினைவில் இருக்கிறது. நினைவில் இல்லாதது எத்தனையோ.

கொம்புமுறி | வெள்ளி, இரவு 9.30

நான் சைவம். தம்பிலுவில். ஜெபம் செய்யப்படுகிற பக்கத்தில் இருந்து ஒருவர் எழுத வேண்டாமா?

அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பக்கத்து வேதக்கார அன்ரி வந்தார். கையில் இடியப்பமும் சொதியும். "மகன், அப்பாவுக்காக ஜெபிக்கலாமா? வேணாம்டா சொல்லுங்க, நான் வீட்ட இருந்து செய்றன்" என்று கேட்டார். அம்மா, "எல்லாச் சாமியும் ஒண்டுதான், செய்யுங்க கா" என்றார். இரண்டு நிமிசம். அப்பாவின் பெயர், டொக்டர்மாரின் கை, அம்மாவின் நித்திரை. அவ்வளவுதான். அம்மாவின் நித்திரையைப் பற்றி அதுவரை எங்கள் சொந்தக்காரரே கேட்கவில்லை.

இன்னொரு கூட்டமும் வந்தது, வேறு இடத்தில் இருந்து. துண்டுப் பிரசுரம் கொடுத்து, வீட்டில் உள்ள படங்களை எல்லாம் இறக்கினால்தான் அப்பா எழும்புவார் என்றார்கள். அப்பா எழும்பவில்லை. படங்கள் இருந்ததால்தான் என்று சொல்லியிருப்பார்கள் போல. நாங்கள் கேட்கப் போகவில்லை.

ஆகவே எங்கள் வீட்டுக்காக ஜெபித்தால் எனக்குக் கோபம் இல்லை. எதைக் கேட்டு ஜெபிக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. நான் சுகமாக இருக்க வேண்டும் என்றா, நான் மாற வேண்டும் என்றா? இரண்டாவது என்றால் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

இன்னொன்று. எங்கள் ஊரில் வைகாசியில் கண்ணகி அம்மனுக்குச் சடங்கு நடக்கும். கடைசியில் குளிர்த்தி. அம்மனின் கோபம் ஆற வேண்டும், வெக்கை நோய் நீங்க வேண்டும், மழை வேண்டும், ஊர் குளிர வேண்டும். யார் வீட்டில் அம்மை, யார் வீட்டில் சண்டை என்று யாரும் வாசிப்பதில்லை. தண்ணீர் எல்லோர் தலையிலும்தான் விழும். ஐப்பசி மழை அக்கா சொன்ன துண்டும் இதுவும் ஒரே குணம் என்று எனக்குப் படுகிறது.

விழித்திரு | வெள்ளி, இரவு 10.00

தம்பி, ஒளிக்காமல் சொல்கிறேன். எல்லோரும் இயேசுவை அறிய வேண்டும் என்பது என் விருப்பம்தான், ஜெபத்திலும் அது இருக்கும். ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டிலைப் பேரம் பேசும் இடமாக்குவது பாவம். அந்தக் கூட்டத்துக்காக நான் வெட்கப்படுகிறேன்.

கொம்புமுறி | வெள்ளி, இரவு 10.04

முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டீர்கள் அண்ணா. அது போதும்.

கணக்குப்பிள்ளை | சனி, காலை 7.15

ஜெபத்தைப் பற்றி எனக்குப் பெரிதாகச் சொல்ல இல்லை. கடனைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று எழுதுகிறேன். எட்டு வருடம் நுண்கடன் வேலையில் இருந்தேன், கிழமைக்கு இருபது சென்டர், அதாவது கடன்காரப் பெண்கள் கூடித் தவணை கட்டும் இடம், பார்த்தவன்.

முதலில், குழுக்கடன் இரகசியம் என்று நினைக்காதீர்கள். ஐந்து பேர் ஒருவருக்கொருவர் பிணை. ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நாலு பேரும் போட வேண்டும், அல்லது அவள் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். ஆகவே அந்தத் தங்கச்சியின் கடன் ஊரில் பாதிப் பெண்களுக்குத் தெரியும். தெரியாமல் இருந்தது மாமிக்கும் கணவனுக்கும் மட்டும். பெண்கள் எல்லோரும் சேர்ந்து காத்த ஒரு இரகசியம் அது. நீங்கள் உடைத்தது அதைத்தான். குத்திக் காட்டவில்லை, கணக்கைச் சரியாகச் சொல்கிறேன்.

இரண்டாவது, ஜெபக்குழு உணர்ச்சிவசப்பட்டுக் காசு சேர்த்து ஒரு கடனைக் கட்டிவிடும். நானே பார்த்திருக்கிறேன். அடுத்த மாதம் அதே பெண்ணிடம், பழைய கடன் ஒழுங்காக முடிந்தது என்று சொல்லிப் பெரிய கடன் நீட்டுவார்கள். முதலில் எல்லாக் கடனையும் ஒரு தாளில் எழுத வேண்டும். எவ்வளவு எடுத்தது, எவ்வளவு கட்டியாயிற்று, வட்டி எவ்வளவு, எந்தக் கிழமை கட்டு. பலருக்குத் தங்கள் கடனின் வட்டி வீதமே தெரியாது, கிழமைக்கு எவ்வளவு என்றுதான் தெரியும். அடகு நகைக்குத் தவணைத் திகதி முக்கியம், அது தப்பினால் ஏலம். கணவன் அனுப்பும் காசில் முதலில் நகை, பிறகு வட்டி கூடியது, சீட்டு கடைசி.

வறட்சி மாவட்டங்களில் பெண்களின் ஒரு லட்சத்துக்குக் குறைந்த நுண்கடன்களுக்கு 2018இல் அரசாங்கம் நிவாரணம் கொண்டுவந்தது ஞாபகம் இருக்கும். அப்போது எங்கள் சென்டரில் ஒரு பெண், "ஆண்டவர் செய்தார்" என்றார். பக்கத்தில் இருந்தவர், "இல்ல கா, நாங்க வெயிலில நிண்டு கத்தினது" என்றார். இரண்டு பேரும் ஒரே ஊர்வலத்தில் நின்றவர்கள்தான்.

தேத்தண்ணி | சனி, காலை 7.40

இந்த இழையில் நான் கேட்ட முதல் நல்ல ஜெபக் குறிப்பு: "அடகு நகைக்குத் தவணைத் திகதி".

மெழுகுதிரி | சனி, காலை 11.00

பெயர் சொல்வதா வேண்டாமா என்பதில் எனக்கு ஒரு பக்கமும் முழுதாகச் சாய முடியவில்லை. 2019 சித்திரை 21, உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பு நடந்த நாள், அதற்கு அடுத்த செவ்வாய் எங்கள் வீட்டில் ஜெபம். சீயோன் தேவாலயத்தில் செத்த பிள்ளைகளில் சிலரை எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும். பெயர்களைச் சொல்லத் தொடங்கினோம், மூன்றாவது பெயரில் யாருக்கும் தொண்டை வரவில்லை. விளக்கை வைத்துவிட்டு இருபது நிமிசம் சும்மா இருந்தோம். என்ன கேட்பது என்று அறியாதபோது ஆவியானவரே பெருமூச்சுகளோடு வேண்டுதல் செய்கிறார் என்று ரோமர் எட்டில் இருக்கிறதே, அதுதான்.

அந்த மௌனத்தை ஒரு கிழவி உடைத்தார். "காத்தான்குடியில கதவப் பூட்டிட்டு இருக்கிற தாய்மாரையும் பாரும் ஆண்டவரே" என்றார். காத்தான்குடி முஸ்லிம் ஊர். அங்கே அன்றைக்கு ஒரு குற்றமும் செய்யாத சனம் வெளியே வரப் பயந்து கிடந்தது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் ஒருவர் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்தார், அதே இடத்தில் இருந்தார். கிழவி அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். அதைப் பற்றி இன்றுவரை யாரும் கதைக்கவில்லை.

அந்த ஜெபத்தில் ஒரு பெயரும் இல்லை. ஆனால் அதைவிடக் குறிப்பான ஜெபத்தை நான் கேட்டதில்லை.

வாவிக்கரை | சனி, இரவு 9.20

எல்லாவற்றையும் இரண்டு தரம் வாசித்தேன். குழு அக்காவுக்கும் வாசித்துக் காட்டினேன். தம்பியின் யன்னல் வந்த இடத்தில் அவர் போதும் என்றார். பிறகு, முழுவதையும் வாசி என்றார்.

குழுவில் இருந்து வட்ஸ்அப்பை எடுத்துவிட்டோம். அதில் குரல் பதிவாகவே வீட்டுக் கதைகள் போய்க்கொண்டிருந்தன, அது இங்கே நான் எழுதாத இன்னொரு வெட்கம். பெயருக்குப் பதிலாக வீட்டு மரத்தைச் சொல்லுவோம் என்று ஒருவர் யோசனை சொன்னார். வேம்படி வீடு, கறுத்தக் கொழும்பான் வீடு, முருங்கையடி வீடு என்று.

தேத்தண்ணி | சனி, இரவு 9.31

ஒழுங்கையில் 17 வீடு. எந்த வீட்டில் கறுத்தக் கொழும்பான் என்று மாமரத்துக்குக் கல்லெறிந்த எல்லாப் பொடியனுக்கும் தெரியும் அக்கா.

வாவிக்கரை | சனி, இரவு 9.35

அதையேதான் என் மகனும் சொன்னான்.

சரி, இப்படி முடிவெடுத்தோம். பெயர் இருக்கும், விழித்திரு அண்ணா சொன்ன காரணத்துக்காக. கதை இருக்காது. ஒரு வீட்டுக்காக ஜெபிக்கும் கிழமையில் யாராவது ஒருவர் அந்த வீட்டுக்குப் போய் "இந்தக் கிழமை உங்கள் வீடு, எதைச் சொல்ல?" என்று கேட்க வேண்டும். அவர்கள் சொல்வதை மட்டும் சொல்வது. ஒன்றும் சொல்லாவிட்டால் பெயர் மட்டும். வேண்டாம் என்றால் அதுவும் இல்லை. சைவ வீடுகளிலும் கேட்பது. அதுதான் கஷ்டமாக இருக்கப்போகிறது, இத்தனை நாளும் அவர்களுக்குத் தெரியாமல்தான் செய்துகொண்டிருந்தோம்.

தங்கச்சியிடம் நான்தான் போக வேண்டும். இன்னும் போகவில்லை. இரண்டு தரம் படலை வரைக்கும் போய்த் திரும்பினேன்.

கல்லடி வெயில் | ஞாயிறு, காலை 6.10

மூன்றாம் தரம் கையில் எதையாவது கொண்டுபோங்கள் மகள். கை வெறுமையாக இருந்தால் வாய் அதிகம் பேசும். மன்னிப்புக் கேட்பதை ஒரே வசனத்தில் முடியுங்கள். ஜெபிக்கலாமா என்று அன்றைக்குக் கேட்க வேண்டாம்.

ஐப்பசி மழை | ஞாயிறு, பிற்பகல் 12.30

பூசை முடிந்து வந்து வாசிக்கிறேன். இன்றைக்கு விசுவாசிகள் மன்றாட்டில் வழமைபோலத் திருச்சபை, நாட்டுத் தலைவர்கள், நோயாளிகள், கடைசியாக எங்கள் பங்கு. அந்தக் கடைசியில் கொஞ்ச நேரம் சும்மா நிற்பார்கள், அவரவர் மனசில் உள்ளதைச் சொல்ல. நான் ஒரு படலையைச் சொன்னேன்.

வாவிக்கரை | அடுத்த வியாழன், மாலை 5.50

போனேன். செவ்வாய்க்கிழமை. அவித்த மரவள்ளியும் சம்பலும் கொண்டுபோனேன்.

மாமி முற்றத்தில் இருந்தார். "உள்ள இருக்கா" என்று மட்டும் சொன்னார். தங்கச்சி அடுப்படியில். ஐயா சொன்னபடி ஒரே வசனம்: "நீ என்னிடம் சொன்னதை நான் வெளியே சொன்னேன், அது என் பிழை." அவள் ஒன்றும் சொல்லவில்லை. மரவள்ளியை வாங்கி வைத்தாள். கனநேரம் தேங்காய் துருவிக்கொண்டே இருந்தாள், ஏற்கெனவே துருவி முடித்த சிரட்டையை.

மறுகா கேட்டாள், "ஜெபத்தில இனி என்ட கதை வருமா?" வராது என்றேன். "என்ட பேரும் வேணாம். பிள்ளைகள்ட பேரச் சொல்லுங்க. பெரியவன் ஸ்கொலர்சிப் சோதின எடுக்கான்."

கணக்குப்பிள்ளை அண்ணா, நகைத் தவணையைப் பற்றியும் மெல்லக் கேட்டேன். வருகிற மாதம் 9ஆம் திகதியாம். அவளுக்குத் திகதி நல்லாத் தெரியும், நான்தான் தெரியாது என்று நினைத்தேன். கணவன் இப்போது கதைக்கிறாராம், கோபத்தோடுதான். தாள் எழுதுவதற்கு அடுத்த கிழமை வரச் சொன்னாள். மன்னித்துவிட்டாளா என்று தெரியாது. படலை வரைக்கும் வந்து வழியனுப்பவில்லை.

கணக்குப்பிள்ளை | வியாழன், மாலை 6.05

9ஆம் திகதி என்றால் 5ஆம் திகதிக்கு முன் வட்டியையாவது கட்டிப் புதுப்பிக்க முடியுமா என்று கேட்கச் சொல்லுங்கள். பற்றுச்சீட்டு கையில் இருக்க வேண்டும், போட்டோவும் எடுத்து வைக்கட்டும்.

விழித்திரு | வியாழன், மாலை 6.12

பெரியவனின் பெயரை இங்கே போடாதீர்கள். "ஸ்கொலர்சிப் பொடியன்" என்று நான் ஜெபிக்கிறேன். எனக்கு அவனைத் தெரியத் தேவையில்லை.

தேத்தண்ணி | வியாழன், மாலை 6.20

அக்கா, உங்கள் சுற்றில் 17 வீடு முடிந்த பிறகு ஒரு வீடு சேர்க்க முடியுமா? ஒழுங்கைக்கு வெளியே. அம்மா தனியாக இருக்கிறார். அப்பா இப்போது இல்லை. வேறு விபரம் வேண்டாம்.

வாவிக்கரை | வியாழன், மாலை 6.24

சரி தம்பி. அம்மாவிடம் நான் போய்க் கேட்கட்டுமா, இல்லை நீங்களே போனில் கேட்டுச் சொல்கிறீர்களா?

தேத்தண்ணி | வியாழன், மாலை 6.41

கேட்டேன். "யன்னலத் திறந்து வச்சிருக்கன் எண்டு சொல்லு" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

வாவிக்கரை | வியாழன், மாலை 6.43

ஏழு மணிக்குத் தொடங்குகிறோம். நீங்கள் எந்த நாட்டில்?

தேத்தண்ணி | வியாழன், மாலை 6.44

நானும் கட்டார்தான் அக்கா. இங்கே நாலரை. வேலையில் இருப்பேன், பரவாயில்லை.